வினிகுன்கா வண்ணமலை ஒருநாள் நடை: கூஸ்கோவில் இறங்கிய மறுநாளே செல்லலாமா?

தென்திசைப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் நானும் என் கணவரும் பெரு நாட்டுக்குச் செல்கிறோம். எனக்கு வயது 54, அவருக்கு 58. இருவரும் நாள்தோறும் நடப்பவர்கள். மூட்டு வலி போன்ற தொல்லைகள் இல்லை. ஆனால் அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இதுவரை இருவருமே உயரமான மலைகளில் நடந்ததில்லை.

பயண முகவர் அனுப்பியிருக்கும் திட்டப்படி, லிமாவிலிருந்து காலை விமானத்தில் கூஸ்கோ சென்று அன்று ஓய்வெடுக்கிறோம். மறுநாள் விடியுமுன் வழிகாட்டியோடு புறப்பட்டு வினிகுன்கா வண்ணமலையைப் பார்த்துவிட்டு மாலையில் கூஸ்கோ திரும்புகிறோம். அதன் பிறகு புனிதப் பள்ளத்தாக்கு, மச்சு பிச்சு, மீண்டும் கூஸ்கோ, கடைசியாக லிமா. வண்ணமலையில் நடைத்தூரம் குறைவுதான், குதிரையும் கிடைக்கும், ஆகவே கவலைப்பட வேண்டாம் என்கிறார் முகவர். எனினும் 5,000 மீட்டர் என்ற எண்ணைப் பார்க்கும்போது எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

நான் கேட்க விரும்புபவை மூன்று. இந்த வரிசை சரிதானா? இரத்த அழுத்தம் உள்ளவர் இந்த நடையை மேற்கொள்ளலாமா? படங்களில் காணும் நிறங்கள் உண்மையிலேயே அங்கே அப்படித்தான் இருக்கின்றனவா? இவ்வளவு சிரமப்பட்டு மேலே போய் ஏமாற்றம் அடைய நான் விரும்பவில்லை என்பதால் மூன்றாவது கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன்.

மேட்டுவழி:

வணக்கம் அம்மா. வரிசை சரியில்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் திட்டத்தில் உள்ள இடங்களையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் முன்பின் வரிசையை மட்டும் மாற்றினாலே இந்தப் பயணத்தின் பெரும் ஆபத்து நீங்கிவிடும்.

லிமா கடற்கரை நகரம். கூஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வினிகுன்காவின் காட்சிமுனையோ 5,036 மீட்டர். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கை விடவும் அது உயரம். முகவரின் திட்டப்படி நீங்கள் கடல் மட்டத்திலிருந்து அந்த உயரத்தை ஏறத்தாழ ஒரே நாளில் எட்டுவீர்கள். மலையேற்றத்தில் தேர்ந்தவர்கள்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலைகளில் நடப்போர் பின்பற்றும் பொது விதி. நீங்கள் வண்ணமலையில் இரவு தங்கப்போவதில்லை என்பது ஆறுதல்தான், ஆனாலும் உடல் பழகாத நிலையில் பகலில் சில மணி நேரம் இருப்பதே பலரைப் படுக்கவைத்துவிடும்.

மாற்று வழி எளியது. கூஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நகரத்தில் தங்காமல், காரில் நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்குக் கீழே இறங்கிவிடுங்கள். உருபம்பா, ஒய்யாந்தைதம்போ ஆகிய ஊர்கள் 2,800 மீட்டரை ஒட்டியே இருப்பதால் முதல் இரவுகளில் நன்றாக உறங்க முடியும். அங்கிருந்து இரயிலில் மச்சு பிச்சு செல்லுங்கள். அது 2,430 மீட்டர்தான். அதன்பின் கூஸ்கோ திரும்பி இரண்டு இரவாவது தங்கி, கோயில்களையும் சக்சாய்வாமன் கோட்டையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் வண்ணமலைக்குப் போங்கள். அப்போது உங்கள் உடல் ஒரு வாரமாகப் படிப்படியாகப் பழகியிருக்கும். ஜூன் 24 அன்று கூஸ்கோவில் சூரியத் திருவிழாவான இந்தி ராய்மி நடைபெறும். அந்த வாரத்தில் அறைகள் எளிதில் கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நடையைப் பற்றியும் சொல்கிறேன். கூஸ்கோவிலிருந்து அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு வண்டி புறப்படும். குசிபாட்டா என்ற ஊர் வழியாகச் செல்பவர்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகு 4,600 மீட்டரை ஒட்டிய இடத்தில் இறங்குவார்கள். பயணத்தின் பிற்பகுதி குறுகிய மண் சாலை. அங்கிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் ஏற வேண்டும். பாதையின் பெரும்பகுதி மெல்லிய சரிவுதான். கடைசிப் பகுதி மட்டும் செங்குத்து; அங்கே பத்து அடி வைத்து நின்று மூச்சு வாங்கி, மீண்டும் பத்து அடி வைப்பதுதான் பெரும்பாலோர் நடக்கும் விதம். தூரம் குறைவு என்று முகவர் சொல்வது உண்மை. ஆனால் அந்த உயரத்தில் தூரத்தை வைத்துச் சிரமத்தை அளக்க முடியாது.

நலம்நாடி:

வணக்கம் சகோதரி. நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள். பொதுவான செய்திகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். உங்கள் கணவருக்கான முடிவை அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உயரம் கூடக்கூடக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, காற்றழுத்தம்தான் குறைகிறது. கூஸ்கோவில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. வண்ணமலையின் உச்சியில் பாதியைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் செல்லும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைந்துவிடுவதால் உடல் வேகமாக மூச்சு வாங்கியும், இதயத்துடிப்பைக் கூட்டியும் ஈடுகட்டப் பார்க்கிறது. உடல் இதற்குச் செம்மையாகப் பழகச் சில நாட்கள் பிடிக்கும். இளமையோ, உடற்பயிற்சியோ, உறுதியான கால்களோ இந்தக் காலத்தைக் குறைத்துவிடாது. நாள்தோறும் நடப்பவர் என்பது நல்ல செய்திதான், ஆனால் அது உயர நோய்க்கு எதிரான காப்பு அன்று.

தலைவலியோடு குமட்டல், தலைச்சுற்றல், அளவுக்கு மீறிய களைப்பு, பசியின்மை ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்து வந்தால் அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முந்தைய இரவு உறக்கமில்லை, காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இந்த நிலையில் மேலே ஏறாமல் இருந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறல் தணியாமல் இருமல் வந்தாலோ அது மூளை அல்லது நுரையீரலில் நீர் கோத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: உடனே, காத்திருக்காமல், துணையோடு கீழே இறங்க வேண்டும். வழிகாட்டியிடம் இருக்கும் ஆக்சிஜன் குப்பி இறங்கும் வழியில் உதவுமே தவிர, இறங்குவதற்கு மாற்றாகாது. அந்தக் குப்பியைக் கொஞ்சம் முகர்ந்துவிட்டு மேலே தொடரலாம் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இரத்த அழுத்தம் மருந்தால் கட்டுக்குள் இருப்பவர்கள் உயரமான இடங்களுக்குச் செல்வது பொதுவாகத் தடை செய்யப்படுவதில்லை. ஆனால் உயரத்தில் முதல் சில நாட்கள் அழுத்தம் சற்றே கூடக்கூடும். ஆகவே புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, எவ்வளவு உயரத்துக்குச் செல்கிறீர்கள் என்பதை எண்ணாகவே சொல்லுங்கள். இதயநோய்க்கான அறிகுறிகள் ஏதேனும் உண்டா என்பதையும் அவர் பார்த்துவிடட்டும். அசிட்டசோலமைடு என்ற மருந்தைப் பற்றியும் கேளுங்கள். உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும் இந்த மருந்தைப் பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தருவார்கள். இதனால் விரல்நுனிகளில் மரமரப்பு ஏற்படலாம், சிறுநீர் அடிக்கடி போகும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்கள் கணவரின் அழுத்த மாத்திரை சிறுநீரைப் பெருக்கும் வகையைச் சேர்ந்ததா என்பதும் இங்கே முக்கியம், ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் உடலில் நீரும் உப்புச்சத்தும் அளவுக்கு மீறிக் குறையலாம்.

கூஸ்கோ விடுதிகளில் வந்தவுடன் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். அது அங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்ட, மக்கள் நெடுங்காலமாகக் குடித்துவரும் பானம். குடித்தால் இதமாக இருக்கும். ஆனால் உயர நோயைத் தடுக்கும் என்று நம்பி வரிசையை மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். அதைக் குடித்தபின் சில நாட்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இருப்பதாக முடிவு வரக்கூடும், ஆகவே பணியிடத்தில் அத்தகைய பரிசோதனை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. அந்த இலையையோ தேநீர்ப் பைகளையோ நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லவும் கூடாது. பல நாடுகளில் அது குற்றம். முதல் நாட்களில் மதுவையும் தூக்க மாத்திரையையும் இருவரும் தவிர்த்துவிடுங்கள்.

பாறைப்படிவம்:

உங்கள் மூன்றாவது கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். நிறங்கள் முற்றிலும் உண்மை. ஆனால் இணையத்தில் சுற்றிவரும் படங்களில் பெரும்பாலானவை நிறச்செறிவைக் கூட்டித் தரப்பட்டவை. ஒளிரும் ஊதாவையும் பச்சையையும் எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். செங்கல் சிவப்பு, மங்கிய ரோஜா, சாம்பல் கலந்த பச்சை, கடுகு மஞ்சள், வெளிர் மண்நிறம் ஆகியவை பட்டை பட்டையாக ஒரு மலைமுதுகின் மேல் கிடப்பதைப் பார்க்கப் போகிறவருக்கு அது வாழ்நாள் முழுதும் நினைவில் நிற்கும் காட்சி.

இந்த நிறங்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டு பார்த்தால் காட்சி இன்னும் ஆழமாகும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே சற்று விரித்தே எழுதுகிறேன். இவை படிவுப் பாறைகள். களிமண்ணும் மணலும் சுண்ணாம்புச் சேறும் பல இலட்சக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைமட்டமாகப் படிந்தவை. ஒவ்வோர் அடுக்கும் படிந்த காலத்தில் அங்கே வந்து சேர்ந்த கனிமங்கள் வெவ்வேறாக இருந்ததால் அடுக்குக்கு அடுக்கு நிறம் மாறுகிறது. சிவப்பும் ரோஜா நிறமும் இரும்பு மிகுந்த களிமண் அடுக்குகள். அந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவின் நிறத்தைத் தருகிறது. வெண்மை குவார்ட்ஸ் மணற்பாறையிலிருந்தும் சுண்ணாம்பு கலந்த களிப்பாறையிலிருந்தும் வருகிறது. பச்சை இரும்பும் மக்னீசியமும் கலந்த கனிமங்களின் நிறம். மஞ்சள் அடுக்குகளுக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள் கொண்ட மணற்பாறை. ஆக, ஒரே இரும்பு, அது அடங்கியிருக்கும் சேர்மத்துக்கு ஏற்பச் சிவப்பாகவும் பச்சையாகவும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த செய்தி.

கிடைமட்டமாகப் படிந்த அடுக்குகள் இன்று சாய்ந்து நிற்பதற்குக் காரணம் ஆண்டீஸ் மலைத்தொடர் எழுந்த விதம். பசிபிக் பெருங்கடலின் அடியில் உள்ள, நாஸ்கா தட்டு எனப்படும் புவி மேலோட்டுப் பாளம் தென்னமெரிக்கத் தட்டின் கீழே புகுந்து செல்வதால் கண்டத்தின் விளிம்பு நெருக்கப்பட்டு, மடிந்து, உயர்ந்தது. அந்த மடிப்பில் அடுக்குகள் சாய்ந்து, பிறகு மழையும் பனியும் மேற்பரப்பை அரித்ததும் அவற்றின் விளிம்புகள் வரிகளாக வெளியே தெரிந்தன. நீங்கள் அங்கே பார்ப்பது மேலே பூசிய நிறமன்று. அடுக்கின் நிறம் மலையின் உள்ளேயும் தொடர்கிறது.

ஜூன் அங்கே உலர்காலம் என்பதால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரையான மழைமாதங்களில் உச்சியில் பனி விழுந்து நிறங்களை முழுவதுமாக மூடிவிடும் நாட்கள் உண்டு; உலர்காலத்திலும் அரிதாக அப்படி நேரலாம். முந்தைய நாள் பனி விழுந்ததா என்று வழிகாட்டி நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் புறப்படுவதும், மாற்று நாள் ஒன்றைத் திட்டத்தில் வைத்திருப்பதும் நல்லது. வானம் தெளிவாக இருந்தால் காட்சிமுனையிலிருந்து 6,384 மீட்டர் உயரமுள்ள அவுசங்காத்தே பனிமலையும் தெரியும். கெச்சுவா மொழி பேசும் அப்பகுதி மக்கள் அதைக் காவல் தெய்வமாக வணங்குகிறார்கள். எல்லோரும் வண்ணப்பட்டைகளையே படமெடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒருமுறை அந்தப் பக்கமும் திரும்பிப் பாருங்கள்.

இந்த மலைக்குப் பெருங்கூட்டம் வரத் தொடங்கியது 2010-களின் நடுப்பகுதியில்தான். 2018-ஆம் ஆண்டில் இதை உள்ளடக்கிய நிலப்பரப்பு ஒரு சுரங்க நிறுவனத்தின் உரிமத்துக்குள் வந்து, எதிர்ப்பு எழுந்தபின் அந்நிறுவனம் உரிமையைக் கைவிட்டது. மலை சுரங்கத்திலிருந்து தப்பினாலும் காலடிகளிலிருந்து தப்பவில்லை. அந்த வண்ண மண் மிகவும் தளர்வானது, ஒரு முறை மிதித்த தடம் எளிதில் மறையாது. நல்ல படத்துக்காகக் கயிறு தாண்டி வண்ணப்பட்டையின் மேல் நடப்பவர்களைப் பார்த்தால் நீங்கள் அவர்களைப் பின்தொடராதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

தென்திசைப் பயணி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. திட்டத்தை மாற்றி, வண்ணமலையைக் கடைசியில் வைக்கும்படி முகவருக்கு எழுதிவிட்டேன். மருத்துவரிடமும் நேரம் வாங்கியிருக்கிறோம். இப்போது முகவர் வேறொரு யோசனை சொல்கிறார்: வினிகுன்காவுக்குப் பதிலாகப் பால்கோயோ என்ற இடத்துக்குப் போனால் நடையே மிகக் குறைவு, அங்கும் வண்ணமலைகள் உண்டு என்கிறார். அதைத் தேர்ந்தெடுக்கலாமா? வினிகுன்காவே என்றால் என் கணவர் குதிரையில் செல்வது உசிதமா?

நெடுநடை:

உங்கள் இருவருக்கும் நான் பால்கோயோவைத்தான் பரிந்துரைப்பேன். அங்கே வண்டி மிக உயரம் வரை சென்றுவிடுவதால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கும் குறைவான, மெல்லிய சரிவான நடைதான் இருக்கும். வரிபடர்ந்த மலைகள் ஒன்றுக்கு மூன்றாக எதிரே விரியும். கூட்டம் வினிகுன்காவோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. சற்றுத் தள்ளி, கல்லாலான காடு என்று சொல்லத்தக்க வகையில் கூரிய பாறைகள் நிமிர்ந்து நிற்கும் இடமும் உண்டு. போகும் வழியில் செக்காகூப்பே என்ற ஊரில், ஆற்றின் மேல் வெவ்வேறு காலத்துப் பாலங்கள் அடுத்தடுத்து இருப்பதைப் பார்க்கலாம்.

ஆனால் முகவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். பால்கோயோவின் காட்சிமுனையும் 4,900 மீட்டரை ஒட்டியதுதான். நடை குறைவதால் கால்களுக்கும் மூச்சுக்கும் சிரமம் குறையும். காற்றழுத்தம் அதே அளவுதான் இருக்கும். ஆகவே அதைப் பயணத்தின் இரண்டாம் நாளில் வைக்கலாம் என்று அவர் மீண்டும் தொடங்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குதிரையைப் பற்றி: வினிகுன்கா பாதையில் உள்ளூர்ச் சமூகத்தினர் பாரம்பரிய உடையில் குதிரைகளோடு நிற்பார்கள். உரிமையாளர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வருவார். கடைசிச் செங்குத்துப் பகுதிக்குக் குதிரை செல்லாது, அங்கே இறங்கி நடந்தே ஆக வேண்டும். களைப்பைக் குறைக்க அது நல்ல உதவி, அந்தப் பணமும் நேராக அவ்வூர்க் குடும்பத்துக்குப் போகிறது. ஆனால் தலைவலியும் குமட்டலும் தொடங்கிய ஒருவரைக் குதிரையில் ஏற்றி மேலே கொண்டுபோவது மிகத் தவறான செயல். நான் சென்ற குழுவில் அப்படி ஒருவரை ஏற்றினார்கள். நடக்காததால் அவர் தன் நிலையை உணரவில்லை. மேலே போய் இறங்கியதும் நிற்கவே முடியாமல் உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளையாக இன்னொரு குழுவின் வழிகாட்டி பார்த்து உடனே கீழே அனுப்பிவைத்தார்.

மேட்டுவழி:

நெடுநடை சொல்வதில் ஒரு சிறு மாறுபாடு எனக்கு உண்டு. பழகிய உடலோடு, தெளிவான நாளில், மருத்துவரும் ஒப்புக்கொண்டால் வினிகுன்கா உங்களுக்கு எட்டாத இடம் என்று நான் நினைக்கவில்லை. அந்த நீண்ட பள்ளத்தாக்கில் அல்பாக்கா மந்தைகளுக்கு நடுவே மெதுவாக ஏறிப்போவதே தனி இன்பம்; பால்கோயோவில் அது கிடைக்காது. எனினும் உங்கள் கணவரின் உடல்நிலையைப் பொறுத்து நீங்கள் முடிவெடுப்பதே முறை. கூஸ்கோவில் தங்கும் நாட்களில் அவர் மாடிப்படி ஏறும்போதும், இரவில் உறங்கும்போதும் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு, நடைக்கு முந்தைய நாள் மாலையில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு இடம் தரும் நிறுவனத்திடம் மட்டும் முன்பதிவு செய்யுங்கள்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிட முதலில் இவற்றைக் கேளுங்கள். குழுவில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை வழிகாட்டிகள்? பாதியில் ஒருவர் திரும்ப வேண்டியிருந்தால் அவரோடு யார் இறங்குவார்? ஒரே வழிகாட்டி இருக்கும் குழுவில் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை இருக்காது. ஆக்சிஜன் குப்பியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும் கொண்டுவருவார்களா? ஓட்டுநர் முந்தைய இரவு ஓய்வெடுத்தவரா? இதைக் கேட்கத் தயங்காதீர்கள், ஏனெனில் விடியாத நேரத்தில் வளைவுகள் நிறைந்த மண் சாலையில் செல்லும் அந்தப் பயணமும் மலையேற்றத்தைப் போலவே கவனம் வேண்டியது. நுழைவுக் கட்டணம் தொகையில் அடங்குமா என்பதையும், அருகிலுள்ள சிவப்புப் பள்ளத்தாக்குக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தாக்கு அழகானதுதான், ஆனால் அதற்காகக் கூடுதல் ஏற்ற இறக்கம் இருக்கிறது. முதன்முறை உயரத்துக்கு வரும் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

தென்திசைப் பயணி:

இந்தக் கேள்விகளை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். ஒற்றை வழிகாட்டிதான் வருவார் என்று பதில் வந்ததால் வேறு நிறுவனம் தேடுகிறோம். இப்போதைக்குப் பால்கோயோ என்றே முடிவு செய்திருக்கிறோம். கூஸ்கோவில் உடல்நிலை நன்றாக இருந்தால் மாற்றிக்கொள்வோம். உடைகளைப் பற்றி ஒரு சொல் கூறுங்கள்.

நெடுநடை:

அடுக்கடுக்காக அணியுங்கள். ஜூன் மாதத்தில் விடியற்காலையில் உறைநிலைக்கும் கீழே இருக்கும். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றுவீர்கள். உச்சியில் காற்று அடித்ததும் மறுபடியும் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வீர்கள். காற்றைத் தடுக்கும் மேலாடை, காதை மூடும் தொப்பி, கையுறை ஆகியவை கட்டாயம். நிலநடுக்கோட்டுக்கு அருகிலும் இவ்வளவு உயரத்திலும் புற ஊதாக் கதிர்கள் மிகக் கடுமையானவை, ஆகவே மேகம் மூடியிருந்தாலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். இறங்கும்போது தளர்ந்த மண்ணில் கால் வழுக்கும் என்பதால் ஊன்றுகோல்கள் வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பெருவின் நாணயமான சோலில் சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். கழிப்பறைக்கும் குதிரைக்கும் நுழைவுக்கும் அதுதான் செல்லும், மேலே பணம் எடுக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. அழுத்த மாத்திரையைக் கணவர் தன் சட்டைப்பையிலேயே வைத்திருக்கட்டும். வண்டியில் விட்டுவிட்ட பையைத் தேடித் திரும்பி வரும் நேரம் அங்கே யாருக்கும் இருக்காது.